ஃபைபர் படகுக்கு எஸ்.எஸ். பாகங்கள் செய்யக் கொடுப்பதற்கு முன்னால்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். 32 அடி ஃபைபர் படகு, உள்ளே டீசல் இன்ஜின், சுக்கான் பின்பலகையில் கீல் போட்டுத் தொங்குகிறது. சுக்கான் கீல்கள், அணியத்தில் நங்கூர உருளைத் தாங்கி, இழுவை வளையம், இந்த மூன்றையும் எஸ்.எஸ்.ஸில், அதாவது எவர்சில்வரில், புதிதாகச் செய்யப் போகிறீர்கள். 304 தரம் போதுமா 316 தரம் வேண்டுமா, வரைபடம் எப்படிக் கொடுப்பது, துறைமுகத்துப் பட்டறையில் கொடுப்பதா வெளியூரில் லேசர் கட்டிங் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் இல்லை. எந்த உலோகம் என்று முடிவு செய்வதற்கு முன்னால், அந்தப் பாகத்தில் உப்புத்தண்ணீர் எங்கே தங்கும் என்று பார்த்துவிட வேண்டும்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் படகில் நடந்தது ஒன்று இருக்கிறது. கரையேற்ற டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தபோது இழுவை வளையம் போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கயிறு சுண்டிப்போய் பக்கத்தில் நின்ற பையனுக்குத் தோளில் அடி. உடைந்த போல்ட்டை எடுத்துப் பார்த்தேன். தலை கண்ணாடி போல மின்னுகிறது, நட்டுப் பக்கம் மரை புதிதாக இருக்கிறது, நடுவில் படகுச் சுவருக்குள் பிளைவுட்டுக்கு இடையே இருந்த ஒன்றரை அங்குலம் மட்டும் பழுப்பாக அரித்து, கழுத்து மெலிந்து, பென்சில் அளவுக்கு வந்திருக்கிறது. வெளியே நின்று எத்தனை முறை துடைத்துப் பார்த்தாலும் அது தெரிந்திருக்காது.

எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணம் அதன் மேலே தானாகவே உண்டாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தாலும் காற்றோ ஓடுகிற தண்ணீரோ பட்டால் அது மறுபடி கூடிவிடும். ஆனால் போல்ட் துளைக்குள், வாஷருக்கு அடியில், சரியாக ஓடாத வெல்டிங்கின் இடுக்கில் உப்புத்தண்ணீர் புகுந்து அசையாமல் நின்றால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. படலம் போய்விட்டால் திரும்பி வராது, குளோரைடு உள்ளே அரித்துக்கொண்டே போகும். 316 இதைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. அதனால் நல்ல உலோகம் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. தண்ணீர் நிற்காத மாதிரி வடிவம் அமைக்க வேண்டும், துளைக்குள் தண்ணீர் போகாத மாதிரி மாட்ட வேண்டும்.

சரி, உலோகத்துக்கு வருவோம். 304ல் குரோமியம் 18 சதவீதத்துக்கு மேல், நிக்கல் 8க்கு மேல். 316ல் நிக்கல் 10க்கு மேல், அதோடு மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம். உப்புக்குத் தாக்குப்பிடிப்பது அந்த மாலிப்டினத்தால்தான். உங்கள் மூன்று பாகங்களுக்கும் 316எல் கேளுங்கள். எல் என்றால் கார்பன் 0.03 சதவீதத்துக்குள். கார்பன் கூடினால் வெல்டிங் சூட்டில் மூட்டுக்குப் பக்கத்தில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்துபோய், அந்த ஓரமாகவே ஒரு கோடு போல அரிக்கும். 304 கேபினுக்குள் அலமாரி, கொக்கி, பாத்திர ஸ்டாண்டு போன்றவற்றுக்குப் போதும். கடல் தண்ணீர் அடிக்கிற இடத்தில் 304 வைத்தால் சில மாதங்களிலேயே தேநீர்க் கறை போலப் பழுப்பு படரும், அதற்கடியில் சின்னச் சின்னக் குழிகள் விழும்.

இதில் பெரிய ஆபத்து 304 கூட இல்லை. நம் ஊர்க் கடைகளில் எஸ்.எஸ். என்றே விற்கிற 200 வரிசைத் தகடுகள்தான், 202 என்றும் ஜே4 என்றும் சொல்வார்கள். விலையைக் குறைக்க நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தவை. வீட்டுக் கைப்பிடிக்கும் கேட்டுக்கும் ஓடும், கடலில் நிற்காது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, அதனால் நல்ல சரக்கு என்று நம்பாதீர்கள். 202லும் காந்தம் ஒட்டாது. நல்ல 316லேயே வளைத்த இடத்திலும் வெல்டிங் ஓரத்திலும் லேசாக ஒட்டலாம். காந்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. தகட்டில் அச்சடித்திருக்கும் ஹீட் நம்பரும் (ஆலையில் உருக்கிய தொகுதியின் எண்) கடைக்காரர் கொடுக்கிற ஆலைச் சான்றிதழில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். வெட்டின துண்டு என்றால் நம்பர் இருக்காது. அப்போது மாலிப்டினம் சோதிக்கிற திரவக் கிட்டு இருக்கிறது, ஒரு சொட்டு விட்டு சின்ன பேட்டரியைத் தொட்டால் நிறம் மாறும். பெரிய ஊர்களில், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கி வைத்திருக்கிற சோதனைக் கூடங்களில் சில நொடியில் சொல்லிவிடுவார்கள். சுக்கான் கீலுக்கு அந்தச் செலவு தகும்.

போல்ட்டுக்கும் இதே கதைதான். தலையில் ஏ4-70 என்று இருந்தால் 316 தரம், ஏ2-70 என்று இருந்தால் 304 தரம். ஒன்றுமே பொறிக்காத போல்ட்டைத் தண்ணீர்ப் பக்கம் போடாதீர்கள். 316 தகடு வாங்கி எம்.எஸ். (சாதா இரும்பு) போல்ட் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது இன்னும் மோசம். பெரிய எவர்சில்வர் தகட்டோடு சின்ன இரும்பு போல்ட் சேர்ந்து உப்புத்தண்ணீரில் நனைந்தால் இரும்பு தன்னைக் கொடுத்து எவர்சில்வரைக் காப்பாற்றும், போல்ட் வழக்கத்தைவிட வேகமாகக் கரைந்துவிடும்.

அடுத்து கனம். பழைய பாகத்தைப் பார்த்து அதே கனத்தில் செய்வதுதான் எல்லோரும் செய்வது. பழையது உடைந்ததால்தானே புதிது செய்கிறீர்கள்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சுக்கான் பலகை 30க்கு 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், படகு எட்டு நாட் (மணிக்கு எட்டு கடல் மைல்) வேகத்தில் போகும்போது முழுசாகத் திருப்பினால் அந்தப் பலகை மேல் கிட்டத்தட்ட 125 கிலோ தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அந்த விசை கீழ்க்கீலுக்கு 20 செ.மீ. கீழே விழுகிறது என்றால், சுக்கானின் தண்டாக இருக்கும் 25 மி.மீ. 316எல் ராடு வளையும் எல்லைக்கே வந்துவிடுகிறது, மீதம் ஒன்றுமே இல்லை. அதையே 30 மி.மீ. ஆக்கினால் வளைவைத் தாங்கும் வலு 1.73 மடங்காகிறது, ஏனென்றால் விட்டத்தின் மும்மடிக்குத் தகுந்த மாதிரி அது கூடும். விலையில் பெரிய வித்தியாசம் வராது. கடலில் மிதக்கிற கட்டையிலோ மணல்திட்டிலோ சுக்கான் இடிப்பது இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் 30க்குப் போவேன், இன்னொரு வழி கீழ்க்கீலை முடிந்தவரை கீழே இறக்குவது. இரண்டாவது வழி செலவில்லாதது, ஆனால் பின்பலகையில் உள்ளே கை விட்டு நட்டு இறுக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வரைபடத்துக்கு முன்னால் அட்டை. டி.வி. வந்த பெட்டியின் கெட்டி அட்டை நல்லது, கத்தரிக்கோலுக்கு வளைந்து கொடுக்கும், படகின் மேல் வைத்து அமுக்கினால் வளைவு பதியும். அட்டை சரியானதும் அதை 6 மி.மீ. பிளைவுட்டில் வெட்டி, படகிலேயே தற்காலிகமாகக் கட்டி, சுக்கானை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு படகில் கீல் தகட்டின் மூலை சுக்கான் கட்டையில் இடிப்பது பிளைவுட் வைத்தபோதுதான் தெரிந்தது, கம்ப்யூட்டரில் அது அழகாகவே இருந்தது. நங்கூர உருளைத் தாங்கிக்கும் அப்படியே. நங்கூரத்தை நிஜமாகத் தூக்கி அதில் உட்கார வைத்து, அதன் கொடுக்கு அணியத்து ஃபைபரில் உரசுகிறதா பாருங்கள். இன்னொன்று, இடது பக்கத்துக்கு அட்டை எடுத்தால் வலது பக்கத்துக்கும் தனியாக எடுங்கள். கையால் வார்த்த ஃபைபர் படகில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், அரை அங்குலம் வித்தியாசம் சாதாரணம். ஒரே அச்சில் வார்த்த பக்கத்து வீட்டுப் படகின் அளவும் உங்களுக்கு உதவாது.

அட்டை சரியாக வந்த பிறகு வரைபடம். ஆட்டோகேட் தெரியவில்லை என்று சொல்லியிருந்தீர்கள், அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. லிப்ரேகேட், ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருள்கள் இரண்டும் இலவசம், தட்டையான தகட்டுக்கு ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். லேசர் கட்டிங்குக்குக் கொடுக்க வேண்டியது டி.எக்ஸ்.எஃப். கோப்பு, மில்லிமீட்டரில், ஒன்றுக்கு ஒன்று அளவில். கோடுகள் மூடியிருக்க வேண்டும், ஒரே கோடு இரண்டு முறை மேலே மேலே விழுந்திருக்கக் கூடாது, விழுந்தால் இயந்திரம் இரண்டு முறை வெட்டும். கூடவே எல்லா அளவும் எழுதின ஒரு பி.டி.எஃப். கட்டாயம் அனுப்புங்கள். கோப்பைத் திறக்கும்போது அங்குலமா மில்லிமீட்டரா என்ற குழப்பத்தில் பாகம் 25 மடங்கு பெரிதாகவோ சின்னதாகவோ வரும், பி.டி.எஃப்.பில் மொத்த நீளம் எழுதியிருந்தால் அங்கேயே பிடித்துவிடுவார்கள். நீங்களும் ஒன்றுக்கு ஒன்று பிரிண்ட் எடுத்து, படகில் வைத்து, பிறகே அனுப்புங்கள்.

துளை அளவில் எம்10 போல்ட்டுக்கு 11 மி.மீ., எம்12க்கு 13.5 கொடுங்கள். சரியாகப் பத்துக்குப் பத்து என்று கொடுத்தால் நான்கு துளையும் ஒன்றாக உட்காராது, கடைசியில் சுத்தியல்தான். வளைவு இருந்தால் உள்பக்க ஆரம் தகட்டின் கனத்துக்குக் குறையக் கூடாது. துளையின் ஓரத்துக்கும் வளைவு தொடங்கும் இடத்துக்கும் நடுவில் தகட்டுக் கனத்தைப் போல இரண்டரை மடங்காவது விடுங்கள், இல்லையென்றால் வளைக்கும்போது துளை முட்டை வடிவமாகும். வெளி மூலை எல்லாம் உருட்டிவிடச் சொல்லுங்கள், நம் படகுகளுக்கு இது அழகுக்காக இல்லை. வெட்டின ஓரம் ஊசி போல இருந்தால் வலையின் ஒரு கண் மாட்டினாலும் இழுக்கிற வேகத்தில் கிழிந்துகொண்டே போகும்.

எல்லா அளவுக்கும் ஒரே துல்லியம் கேட்காதீர்கள். துல்லியம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, கீல் ஊசியும் அது உட்காருகிற புஷ்ஷும். ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே 0.3 முதல் 0.5 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். புஷ் எதில் செய்வது என்று லேத்துக்காரர் கேட்டால் பெரும்பாலும் நைலான் ராடு கையில் இருக்கிறது என்பார். நைலான் தண்ணீரைக் குடித்து ஊதும். கரையில் சுலபமாகத் திரும்பின சுக்கான் ஒரு வாரம் கடலில் கிடந்ததும் இறுகிவிடும். டெல்ரின் அல்லது யு.எச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் ராடு கேளுங்கள், கொஞ்சம் தேடினால் கிடைக்கும்.

இப்போது யாரிடம் கொடுப்பது. என் யோசனை வேலையைப் பிரித்துக் கொடுப்பது. தகடு வெட்டுவதும் வளைப்பதும் லேசர் கட்டிங் உள்ள இடத்தில், அம்பத்தூர், கோயம்புத்தூர் பக்கம் எத்தனையோ இருக்கின்றன, கோப்பு அனுப்பினால் லாரி பார்சலில் வந்துவிடும். ராடும் புஷ்ஷும் உங்கள் ஊர் லேத்தில். வெல்டிங் உங்கள் கண் முன்னால், படகுக்குப் பக்கத்தில். லேசரில் நைட்ரஜன் வைத்து வெட்டச் சொல்லுங்கள், ஆக்சிஜனில் வெட்டினால் ஓரம் கறுத்து ஆக்சைடு படியும், அதைச் சுரண்டாமல் வெல்டிங் வைத்தால் மூட்டு கெடும்.

விலை பேசுவதற்கு முன்னால் எடை தெரிந்திருக்க வேண்டும். சதுர மீட்டர் பரப்பு, பெருக்கல் மி.மீ. கனம், பெருக்கல் எட்டு, அதுதான் கிலோ. 200க்கு 300 மி.மீ. தகடு, 6 மி.மீ. கனம் என்றால் 2.88 கிலோ. அன்றைய கிலோ விலையை அதோடு பெருக்கினால் சரக்குக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். யாராவது 304 விலைக்கே 316 தருகிறேன் என்றால் அந்த இடத்தில் சந்தேகப்படுங்கள்.

வெல்டிங்கில் ஆர்கான் வெல்டிங், கம்பி 316எல். முழு நீளமும் ஓட வேண்டும், இடையிடையே புள்ளி வைத்து விட்டால் நடுவில் இருக்கும் இடுக்குகள் எல்லாம் நான் மேலே சொன்ன தண்ணீர் நிற்கும் இடங்கள். எவர்சில்வர் சூட்டில் இரும்பைவிட அதிகம் கோணும், அதனால் பிளைவுட் மாதிரியில் வைத்து முதலில் புள்ளி வைத்து, ஒரு பக்கம் கொஞ்சம் மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். ஊசித் துளையைக் கடைசி அளவுக்குத் துளைப்பது வெல்டிங் முடிந்து ஆறின பிறகு.

வெல்டிங் ஓரத்தில் நீலமும் பொன்னிறமுமாக ஒரு பட்டை வரும். பார்க்க அழகாக இருக்கிறது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பட்டைக்கு அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கிறது, துரு அங்கிருந்துதான் தொடங்கும். பிக்ளிங் பேஸ்ட் தடவி, நேரம் விட்டு, நல்ல தண்ணீரில் நிறையக் கழுவ வேண்டும். அந்தப் பேஸ்டில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் இருக்கின்றன. இரண்டாவது மிகவும் ஆபத்தானது, தோலில் பட்டு வலி தெரிவதற்குள் உள்ளே இறங்கிவிடும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி இல்லாமல் தொடவே தொடாதீர்கள், பட்டால் உடனே தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், இரும்பு தேய்த்த கிரைண்டர் கல்லையும் இரும்புக் கம்பி பிரஷ்ஷையும் உங்கள் பாகத்தின் மேல் வைக்க விடாதீர்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு முதல் உப்புக்காற்றிலேயே துருப்புள்ளி வரும், பழி 316 மேல் விழும்.

மாட்டுவதில் அவசரம் வேண்டாம். ஃபைபருக்குள் பிளைவுட் நடுத்தட்டு இருந்தால் போல்ட் அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, ஓரத்துப் பிளைவுட்டைச் சுரண்டி, எப்பாக்சியில் பொடி கலந்து கெட்டியாக்கி அடைத்து, காய்ந்த பிறகு சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இப்போது போல்ட் எப்பாக்சிக்குள் போகிறது, மரத்துக்குள் இல்லை. துளையின் மேல்வாயைக் கொஞ்சம் சரிவாகக் குடைந்துவிட்டால் சீலண்ட் அங்கே ஒரு வளையம் போலத் தங்கும். பாலியூரித்தேன் சீலண்ட் போடுங்கள், வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். உள்ளே வெறும் வாஷர் போதாது, வெளித்தகட்டைவிடப் பெரிய உள்தகடு வேண்டும், அதையும் இதே லேசர் ஆர்டரில் சேர்த்து வெட்டிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் நட்டு எவர்சில்வர் போல்ட்டில் கடித்துக்கொள்ளும், பாதியில் நின்றால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் ஆன்டி-சீஸ் என்ற பசை தடவி, கையால் மெதுவாக இறுக்குங்கள், இம்பாக்ட் துப்பாக்கி கூடாது.

ஆர்டரை வாய்ப்பேச்சில் விடாதீர்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் எழுத்தில் அனுப்புங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "சுக்கான் கீல் தகடு, 316எல், 6 மி.மீ., 4 எண்ணம், ஆலைச் சான்றிதழ் நகல் வேண்டும். நைட்ரஜன் கட்டிங், ஓரம் மழுக்கி, மூலை ஆரம் 5 மி.மீ. பி.டி.எஃப்.பில் உள்ள மொத்த நீளம் 280 மி.மீ., வெட்டுவதற்கு முன் சரிபார்க்கவும். 316எல் இல்லையென்றால் வேறு தரம் போடாமல் என்னைக் கேட்கவும்." அந்தக் கடைசி வரியை விடவே விடாதீர்கள். சரக்கு இல்லாதபோது நல்ல எண்ணத்தில்தான் 304 போட்டுவிடுகிறார்கள், பாலிஷ் போட்ட பிறகு யாராலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

நாள் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கும், துறைமுகத்துப் பட்டறைகளில் கால் வைக்க இடமிருக்காது. அட்டையும் பிளைவுட்டும் மாசியிலேயே முடித்து, தகடு வெட்டிக் கையில் வைத்திருந்தால் வெல்டருக்கு இரண்டு நாள் வேலைதான்.

இழுவை வளையத்துக்கு மட்டும் இன்னொரு வார்த்தை. ஒற்றை யு-போல்ட்டில் நிறுத்தாதீர்கள், 6 மி.மீ. தகட்டில் வளையத்தை வெல்டிங் வைத்து நான்கு எம்12 போல்ட்டில் பிடியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை நான்கில் ஒன்றைக் கழற்றி எடுத்து, தலையையும் மரையையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் நான்கையும் மாற்றிவிடுங்கள். படகை இழுக்கும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள். பின்பலகையின் உள்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினால் கீழ்க்கீலை எவ்வளவு இறக்கலாம் என்று சேர்ந்து பார்த்துச் சொல்கிறேன்.